அரை நிமிடம் முந்தி

இன்னும் பந்தே காலை விட்டுக் கிளம்பலையே, இந்த மனுஷன் எதுக்குச் சிரிக்கிறார்?

அவளுக்குள் முதலில் ஓடியது இதுதான். டிவியில் நீலச்சட்டை அணியின் பத்தாம் எண்காரன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே மஞ்சள் சட்டைகள் நாலு பேர் மதில் மாதிரி நின்றார்கள். சிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் சோபாவின் மறுகோடியில் இருந்த அவள் கணவன் உதட்டோரமாகச் சிரித்தான். சிரித்ததை அழிப்பது போல மூக்கையும் தேய்த்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் பந்து எழும்பியது, வளைந்தது, வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது.

"கோல்!" என்று துள்ளி எழுந்தான். நன்றாகத்தான் துள்ளினான். ஆனாலும் அது ஆறிப்போய்ச் சூடு காட்டின காபி மாதிரி இருந்தது அவளுக்கு.

வேறு ஏதோ நினைப்பில் சிரித்திருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸின் நடுப்புள்ளி ஃபிரேமுக்குள் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற கடைசிக் கண் அவளுடையது. எது முன்னால், எது பின்னால் என்பதில் அந்தக் கண் ஏமாறாது. சிரிப்பு முதலில் வந்தது. கோல் பிறகு.

சிரிப்புக்கும் முன்னால், சோபாவின் கைப்பிடியில் கவிழ்ந்து கிடந்த அவன் போன் ஒரு தடவை முனகியது.

அந்த வீட்டில் மேட்ச் பார்ப்பதற்கென்று ஒரு சட்டம் உண்டு. அவர்கள் டிவி இன்டர்நெட் பெட்டி வழியாக ஓடுவது. மைதானத்தில் நடப்பது இவர்களிடம் வந்து சேரும்போது அரை நிமிடம் கழிந்திருக்கும். கீழ்வீட்டு டாக்சி டிரைவருக்குக் கேபிள். கல்யாணமான முதல் வருடம், இவர்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெனால்டிக்காகக் காத்திருந்தபோது, "போச்சுடா, வெளிய அடிச்சுட்டான்!" என்று கீழேயிருந்து ஓலம் கேட்டது. இங்கே ஆட்டக்காரன் இன்னும் ஓடிவரக்கூட ஆரம்பிக்கவில்லை. அவன் கோபத்தோடு எழுந்து போய் சன்னலைச் சாத்தினான். "இனிமே நமக்கு முன்னாடி யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது" என்றான்.

நமக்கு. மாலை மாற்றிய அன்றைக்கு இல்லாத நெருக்கம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது அவளுக்கு. அன்றிலிருந்து வேர்த்துக் கொட்டினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிகிறவரை அந்தச் சன்னல் திறக்காது.

சன்னலுக்குப் பின்னால் வந்தது சீட்டு. நடுவர் விசில் ஊதிவிட்டு, வீடியோ பார்ப்பவர்கள் சொல்வதைக் கேட்கச் சந்தேகத்தோடு காதில் விரலை வைத்தால், அவள் உடனே டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவாள். வர்ணனை கேட்டு எழுதுவது காப்பி அடிப்பதற்குச் சமம். ரீப்ளே வருவதற்குள் இருவரும் ஆளுக்கொரு சீட்டில் தீர்ப்பும் காரணமும் எழுதி, மடித்து, நடுவில் வைக்க வேண்டும். சீட்டு என்பது கடைக்கு லென்ஸ் வருகிற சின்ன வெள்ளை உறைதான். பிரித்தால் உள்பக்கம் எழுத வாகாக இருக்கும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். எழுதிய சீட்டுகளையெல்லாம் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பதினோரு வருடத்துத் தீர்ப்புகள்.

வெளியில் அவளைத் தெரிந்தவர்கள், வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறாளா என்று கேட்பார்கள். அவ்வளவு பேச்சு. மேட்ச் ஆரம்பித்தால் அவளே வேறு. வாரம் முழுக்க அவள் "நீங்க" என்று கூப்பிடுகிற கணவன் முதல் விசிலோடு "நீ" ஆகிவிடுவான். சூடு ஏறினால் "டா"வும் சேர்ந்துகொள்ளும். "லைன் மேல நின்னா உள்ளதான்டா, சட்டம் தெரியாம பேசாதே!" என்பாள். "நீ என்ன கண்ணை மூடிக்கிட்டா பாத்தே?" என்று அவன் எகிறுவான். கடைசி விசில் ஊதியதும், "சாப்பிடுறீங்களா?" என்று ஒன்றும் நடக்காதது போல எழுந்து போவாள். அந்தத் தொண்ணூறு நிமிட "நீ"க்காகத்தான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

மஞ்சள் சட்டைகளோடு நடந்த அந்த ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறு, வரிச்சட்டைக்காரர்களோடு ஆட்டம். எழுபதாவது நிமிடம் கார்னர் கிடைத்தது. கூட்டத்துக்குள் யாரோ ஒரு நீலச்சட்டை தலையால் முட்ட, பந்து உள்ளே போனது. நடுவர் கோல் கொடுக்காமல் விரலைக் காதுக்குக் கொண்டு போனார். அவள் சத்தத்தை அணைத்தாள்.

அதுவரை திரையில் வந்தது ஒரே ஒரு கோணம். பக்கவாட்டில், உயரத்திலிருந்து. பத்துத் தலைகளும் ஒரு பந்தும் தெரிந்தன. சந்தேகம் என்றால் அது ஆப்சைடாகத்தான் இருக்க முடியும். அவள் எழுதினாள்: "ஆப்சைடு இல்லை. கம்பத்தோரம் நின்ற தடுப்பாளன் முன்னால் நகரவில்லை. கோல்." மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் போனைத் திருப்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"மணி பாத்தேன்" என்றான், யாரும் கேட்காமலே. பிறகு எழுதினான்.

ரீப்ளே வந்தது. கோடு போட்டுப் பார்த்தார்கள். ஆப்சைடு இல்லை. அவள் புருவத்தை உயர்த்தினாள். அப்போதுதான் வலைக்குப் பின்னாலிருந்த கேமரா காட்டியது, நீலச்சட்டை ஒருவனின் பூட்ஸ் கோல்கீப்பரின் பாதத்தை மிதித்துக்கொண்டிருந்ததை. கோல் ரத்து.

அவன் தன் சீட்டைப் பிரித்து நீட்டினான்: "கீப்பர் காலை மிதிச்சுட்டான். அவனால எம்ப முடியலை. கோல் இல்லை."

"எப்பிடி!" என்று தொடையில் தட்டிக்கொண்டான்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"கண்ணு வேணும்மா, கண்ணு!"

அவளிடமே கண்ணைப் பற்றிச் சொன்னான்.

ஆட்டம் முடிந்து பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்த உயரக் கோணத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பத்துத் தலைகள், ஒரு பந்து. ஒரு கால்கூடத் தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து அந்த மிதியைப் பார்த்திருக்க உலகத்தில் யாராலும் முடியாது. வலைக்குப் பின்னாலிருந்த கேமராவின் காட்சியை முன்கூட்டியே பார்த்துவிட்ட யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கீழ்வீட்டுச் சத்தம் வரக்கூடாது என்று பதினோரு வருடமாகச் சாத்தி வைத்த சன்னலை, போன் என்ற பெயரில் இன்னொரு பக்கம் திறந்து வைத்திருக்கிறான்.

அந்தச் சன்னலுக்கு அப்பால் இருப்பது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. வீட்டில் ஒரு மாதமாக அடிபடுகிற பெயர்தான்.

அவன் லிப்ட் ரிப்பேர் கம்பெனியில் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று அலுவலகத்திலிருந்து போனில் சொல்லி ஆட்களை அனுப்புகிறவளைக் கம்பெனியில் எல்லோரும் "கன்ட்ரோல்" என்றே கூப்பிடுவார்கள். புதிதாக வந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் அவளுக்கு. அந்த அறையில் ஒரு டிவி உண்டு, அதில் கேபிள் உண்டு. "கன்ட்ரோலுக்கு ஃபுட்பால் பைத்தியம்மா. நீலம்தான் அவளும்" என்று அவன் ஒரு நாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னபோது, பரவாயில்லையே என்றுதான் நினைத்தாள். இப்போது அந்த "அவளும்" தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

மறுநாள் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும்போது கை தவறியது. இரண்டு லென்ஸ் வீணாயிற்று. முன்னால் கவுன்டரைப் பார்த்துக்கொள்கிற சிநேகிதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"என்னடி, மூஞ்சி பவர் மாத்திப் போட்ட கண்ணாடி மாதிரி இருக்கு?"

"அவர் மேட்ச்சை வேற ஒருத்தியோட பாக்குறார்."

"எங்க போய்?"

"எங்கயும் போகலை. என் பக்கத்துல உக்காந்துதான்."

சிநேகிதி டீயை ஊதுவதை நிறுத்தினாள். "உன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இன்னொருத்தியோட எப்படிடி பாக்க முடியும்?"

அவள் போனைப் பற்றிச் சொன்னாள். சீட்டைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னாள். சொல்லச் சொல்ல அது சின்னப் பிள்ளைகள் கோலி விளையாட்டுக்குச் சண்டை போடுவது போலச் சுருங்கிக்கொண்டே போனது.

"அடிப்பாவி, இதுக்கா ரெண்டு லென்ஸை உடைச்சே? மேட்ச்தானே பாத்தாங்க, மோதிரமா மாத்திக்கிட்டாங்க? என் வீட்டுக்காரர் போனுக்குள்ள தலையை விட்டு நாலு வருஷமாச்சு. இன்னும் வெளிய வரலை. நான் தேடினேனா?"

சிநேகிதி சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். இன்னொருத்தியோடு படுத்தான் என்றால் நியாயம் கேட்க ஊரே கூடும். இன்னொருத்தியோடு மேட்ச் பார்த்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அது என்ன குற்றம், அதற்கு என்ன அட்டை, மஞ்சளா சிவப்பா?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது பால்கனியில் அவன் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அது எப்படி பெனால்டி ஆகும்? நீ என்ன கண்ணை மூடிக்கிட்டா பாத்தே?"

அந்த வாக்கியம் அவளுடையது. பதினோரு வருடம் அவளுக்கு மட்டும் கிடைத்த திட்டு. ஒரு நகையைக் கழற்றி இன்னொருத்திக்குப் போட்டுவிட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"ஆப்சைடுக்கு இவனுங்க கோடு போட்டு அளக்குறதைச் சொல்றியா? நான் எப்பவும் சொல்றதுதான். லென்ஸுக்கு வேணும் மில்லிமீட்டர், ஓடுற மனுஷனுக்கு எதுக்கு?"

போனுக்குள்ளிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு பால்கனியைத் தாண்டி அவள் நின்ற இடம்வரை வந்தது.

போன மாதம், தோள்பட்டை நுனிக்காக நீலத்தின் கோல் ரத்தானபோது, அவள் ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை அது. நாள் முழுக்க மில்லிமீட்டரோடு மாரடிக்கிறவள் வயிற்றெரிச்சலில் சொன்னது. லிப்ட் மெக்கானிக்குக்கும் லென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றவில்லையே! அங்கிருந்து செய்தி இங்கே வருகிறது, இங்கிருந்து என் பேச்சு அங்கே போகிறது. நடுவில் இவர் லிப்ட் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

இரவு உணவை முடித்துவிட்டுத் தட்டைத் துடைத்து அடுக்கும்போது, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"கீப்பர் காலை மிதிச்சதை உங்களுக்கு கன்ட்ரோல்தானே சொன்னா?"

அவன் கையிலிருந்த தட்டு ஒரு கணம் அப்படியே நின்றது. பொய் சொல்லத் தெரியாதவன். காது நுனி சிவந்துவிடும்.

"அவ சும்மா மெசேஜ் போட்டா. கண்ணுல பட்டுடுச்சு."

"கண்ணுல பட்டா எழுதிடுறதா?"

"பதினோரு வருஷமா நீயேதானே ஜெயிக்கிறே?" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "நான் எழுதுறது எல்லாமே தப்பு. பாத்திரம் கழுவிக் கழுவி என் கை ரேகையே தேஞ்சு போச்சு. ஒரு தடவை ஜெயிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் விளையாட்டாகச் சொன்னதில் விளையாட்டு பாதிதான் இருந்தது.

"அங்க என்னான்னா, நான் சொன்னா, 'கரெக்ட் சார், கரெக்ட்'ங்குது அந்தப் பொண்ணு" என்று சேர்த்துக்கொண்டான். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று விழித்தான்.

அவன் தூங்கிய பிறகு அவள் படுத்துக்கொண்டே யோசித்தாள். ஒரு தடவையாவது வேண்டுமென்றே தோற்றிருக்கிறேனா? இல்லை. விட்டுக்கொடுத்தது தெரிந்தால் அவனுக்கு அவமானம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, அல்லது ஜெயிக்கிற ருசியை விட மனசில்லையா? இரண்டும்தான். ஆனால் நான் சரியாகச் சொல்வது அவனை இடித்ததென்றால், நான் சொன்னதையே எடுத்துக்கொண்டு போய் அங்கே சரியாகச் சொல்கிறவனாக எப்படி நின்றான்? பொறாமைக்கு ஒரு குணம். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும், அந்த இடத்தில் இரண்டு கேள்விகளை நட்டுவிட்டுப் போகும்.

இரண்டு நாள் கழித்து அவனே ஆரம்பித்தான். சீசனின் கடைசி ஆட்டம் வருகிறது. நீலம் ஜெயித்தால் கோப்பை. கன்ட்ரோலுக்கு அன்றைக்கு லீவு.

"தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கு. டிவி கிடையாது. நம்ம வீட்டுக்குக் கூப்பிடட்டுமா? நேர்ல பாத்தா உனக்கே பிடிக்கும்."

கூடாது என்று சொல்ல ஒரு காரணமும் அவள் கையில் இல்லை. இருந்த ஒரே காரணத்தை வாயால் சொல்ல முடியாது. "வரட்டுமே" என்றாள்.

கன்ட்ரோல் ஆட்டத்துக்கு அரை மணி முன்னாலேயே ஒரு பை ஆரஞ்சோடு வந்து நின்றாள். மனதுக்குள் அவள் வரைந்து வைத்திருந்த உருவத்துக்கும் வந்தவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒல்லியாக, நீலச்சட்டையைத் தோள் வழியத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு, மூக்கில் சரிகிற கண்ணாடியை நிமிடத்துக்கொரு தரம் விரலால் தள்ளிக்கொண்டு நின்றாள். பேச்சு மட்டும் குழாயைத் திறந்துவிட்டது போல.

"அக்கா, வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. ஊருக்கே நான்தான் வழி சொல்றவ. சார், உங்க லிப்ட் ஓடலை, மாடி ஏறித்தான் வந்தேன், கம்ப்ளெயின்ட் எழுதிக்கவா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டாள்.

வந்தவளுக்கு டீ கொடுத்தாள். சோபாவில் எங்கே உட்காருவது என்று தயங்கியவளுக்குத் தன் இடத்தையே காட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். போன் சார்ஜ் இல்லை என்றவளுக்குச் சார்ஜர் கொடுத்தாள். இன்னும் என்ன கேட்கப் போகிறாய், கேள், எல்லாம் தருகிறேன், என்று உள்ளே ஏதோ ஒன்று வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. அவன் ஒரு தடுப்பாளனைத் திட்டிவிட்டு நாற்காலியிலிருந்த அவள் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றே?"

"நீங்க சொல்றது சரிதாங்க."

"என்னது, இன்னிக்கு மரியாதை பலமா இருக்கு?" என்றான் அவன். அவள் டிவியைப் பார்த்தாள்.

இருபதாவது நிமிடம். "உஸ், என்ன வேக்காடு" என்று எழுந்த கன்ட்ரோல், யாரும் தடுப்பதற்குள் சன்னலின் தாழ்ப்பாளை நீக்கித் திறந்துவிட்டாள். காற்று வந்தது. காற்றோடு கீழ்வீட்டு டாக்சி டிரைவரின் குரலும் வந்தது: "ஐயையோ! உள்ள விட்டுட்டாங்களே!" இங்கே திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டிலேயே உருண்டுகொண்டிருந்தது.

அவன் பாய்ந்து போய்ச் சாத்தினான். மூவரும் வரப்போகிற கோலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். வந்தது. சிவப்புச் சட்டைக்கு ஒன்று.

"ஐயோ சாரிக்கா. இது என்ன ஏற்பாடு? ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதல் வருடத்துப் பெனால்டியைச் சொன்னான். சன்னலைச் சொன்னான். சீட்டைச் சொன்னான், லென்ஸ் உறையைச் சொன்னான், தோற்றால் பாத்திரம் என்பதைச் சொன்னான். பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தே காட்டிவிட்டான். நல்ல வேடிக்கைக் கதையாகச் சொன்னான். கன்ட்ரோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கோ, உள்ளாடை காய்கிற கொடியை யாரோ இழுத்துக் கொண்டுபோய் நடுத்தெருவில் கட்டியது போலிருந்தது.

"எனக்கு இது தெரியாமப் போச்சே! தெரிஞ்சிருந்தா நான் மெசேஜே போட்டிருக்க மாட்டேன் சார். எல்லா கோலையும் முன்னாடியே போட்டு உடைச்சிருக்கேன்." அவள் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "அக்கா, என்னைத் திட்டுங்க."

திட்டுவதற்கு ஏற்றவளாகக்கூட இல்லையே இவள்.

இடைவேளையில் அவன் ஆரஞ்சு உரித்தான். கன்ட்ரோல் மறுபடியும் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டாள். வந்ததிலிருந்தே அது, கடையில் பழகிய இவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இடது காம்பின் திருகு தளர்ந்து, இடது லென்ஸ் இரண்டு மில்லி கீழே தொங்கியது. கோணலாகப் பார்க்கிறாய் பெண்ணே, என்று முதலில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. பிறகு கை சும்மா இருக்கவில்லை. கைப்பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்தாள்.

"கழட்டிக் குடும்மா."

திருகை முடுக்கி, மூக்குப் பட்டையை லேசாக நெரித்து, மாட்டிவிட்டாள். கன்ட்ரோல் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா! உலகமே நேராயிடுச்சு! தலைவலி போச்சு!" பிறகு சட்டென்று எதையோ கண்டுபிடித்தவள் போல அவன் பக்கம் திரும்பினாள். "ஓ, அதான் சார் அப்படிச் சொன்னீங்களா? அக்கா, சார் ஒரு நாள் சொன்னார், லென்ஸுக்கு வேணும் மில்லிமீட்டர், ஓடுற மனுஷனுக்கு எதுக்குன்னு. எங்க ஆபீஸ் முழுக்க இப்ப அதைத்தான் சொல்லிட்டுத் திரியுறோம். இந்த மாதிரியெல்லாம் சாருக்கு எப்படித்தான் தோணுதோன்னு நினைப்பேன். உங்க வேலையைப் பாத்துத்தான் தோணியிருக்கு!"

ஆரஞ்சுத் தோல் ஒரே சுருளாக வந்துகொண்டிருந்தது அறுந்தது. அவன் காது நுனி சிவந்திருந்தது. நிமிரவில்லை.

அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அது என் பேச்சு என்று சொன்னால் போதும், அவன் இந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவான். சொல்லட்டுமா என்று நாக்கு கேட்டது. பதினோரு வருடம் நீயேதானே ஜெயிக்கிறே என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். நன்றியா, வெட்கமா என்று அவள் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை.

இரண்டாவது பாதியில் நீலம் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. சமன் போதாது, ஜெயிக்க வேண்டும். எண்பத்தெட்டாவது நிமிடம். நீலத்தின் பத்தாம் எண்காரன் பெட்டிக்குள் புகுந்தான். சிவப்புச் சட்டை ஒருவன் சறுக்கினான். பத்தாம் எண்காரன் விழுந்தான். நடுவர் பெனால்டி என்று புள்ளியைக் காட்டிவிட்டு, அடுத்த கணமே விரலைக் காதுக்குக் கொண்டு போனார்.

பழக்கதோஷம். அவள் விரல் சத்தத்தை அணைத்துவிட்டது. மடியில் வெள்ளைச் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. வழக்கம் போல ஆட்டத்துக்கு முன்னால் பிரித்து அடுக்கியவை. அவன் கை நீட்ட, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன எழுத வேண்டும் என்று தெரியும். கால் படவில்லை. பந்து மட்டும்தான் போனது. பத்தாம் எண்காரன் தானாக விழுந்தான். தன் அணிக்குக் கோப்பையே போனாலும் பெனால்டி இல்லை. அவன் பெனால்டி என்று எழுதுவான், ஆசைப்பட்டு எழுதுவான், எப்போதும் போல. கன்ட்ரோலின் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. சன்னல் சாத்தியிருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

"அக்கா, எனக்கும் ஒரு சீட்டு குடுங்க" என்றாள் கன்ட்ரோல்.

சோபாவின் நுனிக்கு நகர்ந்து, உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள். நேராக்கிக் கொடுத்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பளபளத்தன.

"குடும்மா, சீக்கிரம், ரீப்ளே வந்துடும்" என்றான் அவன்.

டீ கொடுத்தாயிற்று. இடம், சார்ஜர் எல்லாம் கொடுத்தாயிற்று. கண்ணைக்கூட நேர்செய்து கொடுத்தாயிற்று. தன் வாயிலிருந்து பிறந்த பேச்சையும் இன்றைக்கு அவன் பெயரிலேயே விட்டுவிட்டாள்.

அவள் மடியிலிருந்த கட்டை மெதுவாகத் தட்டி நேராக்கினாள். பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தாள். மூடியை அழுத்தினாள். அது கிளிக் என்று மூடிக்கொண்டது சத்தமில்லாத அறையில் நன்றாகக் கேட்டது. திரையில் ரீப்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா" என்றாள், குரலை உயர்த்தாமல். "இதை மட்டும் குடுக்க மாட்டேன்."